காட்டுத்தீ: போடி மலையின் பழைய வனவரிடம் கேளுங்கள்

குரங்கணிப் பக்கம் வனவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காட்டுத்தீயைப் பற்றி மட்டும் கேளுங்கள். முதலில் ஓர் எச்சரிக்கை: தீயைக் கண்டால் மேட்டை நோக்கி ஓடாதீர்கள்.

தேனி ஆசிரியை: பூமி சூடானால் காட்டுத்தீ ஏன் அதிகமாகிறது? காடு தானாகவா பற்றிக்கொள்கிறது?

தானாகப் பற்றாது அம்மா. சூடான காற்றுக்குத் தாகம் அதிகம். 30 டிகிரியில், காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் பாதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே ஈரத்தோடு வெப்பம் 35 ஆனால், புல்லிலிருந்தும் சருகிலிருந்தும் நீரை உறிஞ்சும் வேகம் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிப்ரவரிக் காலையில் புல்மேட்டில் நடந்தால் முழங்கால் வரை பனியில் நனைந்துவிடும். ஒன்பது மணிக்குக்கூடச் சருகை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் துவளும். கடைசி வருடங்களில் ஏழரை மணிக்கே அப்பளமாக நொறுங்கியது.

நல்ல மழை பெய்த வருடம் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்தால் புல் ஆளுயரம் வளரும். பின்னால் வரும் வெயில் அத்தனையையும் விறகாக்கிவிடும்.

குமுளி வாசகர்: மூங்கில் உரசித் தீப்பிடிக்குமாமே?

31 வருடத்தில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

கம்பம் விவசாயி: பற்றவைப்பவன் மனிதன். வெயில்மேல் பழி போடுவது வனத்துறையைக் காப்பாற்றத்தானே?

பீடித்துண்டை எறிபவன் மனிதன்தான், யார் மறுத்தார்கள்? அதே துண்டு ஈரப்புல்லில் விழுந்தால் அணைந்துபோகும். காய்ந்த சுக்குநாறிப்புல்லில் விழுந்தால்? மலையாளிகள் இஞ்சிப்புல் என்று சொல்லி எண்ணெய் காய்ச்சி எடுக்கும் புல் ஐயா அது! ஆஸ்திரேலியாவில் 2019–20இல் எரிந்த தீயை ஆராய்ந்தவர்கள், அத்தகைய தீக்கு ஏதுவான வானிலை வரும் வாய்ப்பைப் புவி வெப்பமாதல் குறைந்தது 30 விழுக்காடு கூட்டிவிட்டது என்றார்கள். அங்கேயும் நெருப்புப் பொறி பழைய பொறிதான்.

அவரே மீண்டும்: அப்படியானால் துறைக்குப் பொறுப்பே இல்லையா?

இருக்கிறது. தீத்தடுப்புக் கோடுகளை, அதாவது தீ தாண்டாதபடி புல்லை அகற்றிய வெற்றுப் பட்டைகளை, ஜனவரிக்குள் வெட்டி முடிக்காவிட்டால் குற்றம் எங்களுடையதுதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூணாறு தோட்டத் தொழிலாளி: தாத்தா காலத்தில் பனிக்காலத்திலேயே புல்லைத் துண்டு துண்டாக எரித்துவிடுவார்களாம். அதைத் தடுத்ததால்தானே புல் குவிந்து கிடக்கிறது?

பாதி உண்மை. நாங்களும் கோட்டு ஓரங்களைக் குளிர்ந்த காலையில்தான் எரிப்போம். ஆனால், அதற்கேற்ற நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பனி சீக்கிரம் காய்ந்துவிட்டால் நாம் வைத்த தீயே நம் கையை மீறிப்போகும். கம்பத்துக்காரர் இதற்கும் ஏதாவது சொல்வார், சொல்லட்டும்.

சின்னமனூர் மாணவர்: ஐயா, மூங்கில் உரசினால்...

மேலே பாருங்கள் தம்பி.

கோவை இளைஞர்: மார்ச்சில் நண்பர்களோடு கொழுக்குமலைக்கு நடந்து போகலாமா?

கூடாது. 2018 மார்ச் 11 அன்று அதே மலைப்பாதையில், குரங்கணியில் பற்றிய தீ இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். உங்கள் காலுக்கு அந்த வேகம் வராது. அதனால்தான் மேட்டை நோக்கி ஓடாதீர்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். எரிந்து முடிந்த கருநிலம் பக்கத்தில் இருந்தால் அதற்குள் போய் நில்லுங்கள். கோடை மழை இரண்டு விழட்டும், பிறகு வாருங்கள்.