நகையை அடைவு வைக்க முன்

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “மகள் உயர்தர வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. வெட்டுப்புள்ளி காணாததால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. கொழும்பில் தனியார் நிறுவனத்தில் கணக்கியல் பட்டம் படிக்க, நகையை அடைவு வைத்து மிச்சத்துக்கு வங்கிக் கடன் எடுக்க யோசிக்கிறோம். வேறு வழி உண்டா?”

உண்டு அம்மா. நகையை இப்போதைக்குத் தொட வேண்டாம். அடைவு என்பது பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் மீட்க வேண்டிய கடன். பட்டப்படிப்போ மூன்று, நாலு வருடம். இடையில் வட்டி கட்டித் திருப்பி வைக்க முடியாமல் போனால், படிப்பு முடிய முன்னரே நகை ஏலத்துக்குப் போய்விடும்.

வங்கிக் கல்விக் கடனில் “சலுகைக் காலம்” என்றால் தவணை கட்டத் தேவையில்லை என்பது மட்டுமே. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 10 இலட்சத்துக்கு 14 வீதம் என்று வையுங்கள்: வருடத்துக்கு 1 இலட்சத்து 40 ஆயிரம், நாலு வருடத்தில் 5 இலட்சத்து 60 ஆயிரம். வாங்கிய முதல் தொகையில் ஒரு சதமும் குறைந்திராது. அந்த வட்டியை மாதாமாதம் கட்டுவதா, அல்லது முதலோடு சேர்ப்பார்களா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். சேர்த்தால் வட்டிக்கும் வட்டி வரும். ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதம் எடுக்கலாம் என்று பலர் நம்பியிருக்கிறார்கள்; அது வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான், படிப்புக்கு இல்லை.

கொழும்புதான் என்றால், முதலில் அரசின் வட்டியில்லா மாணவர் கடனைப் பாருங்கள். ஒரே அமர்வில் மூன்று பாடமும் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கானது அது. வட்டியை அரசு கட்டும். படிப்பு முடிந்தபின் முதலைத் திருப்பினால் போதும். பலர் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். பட்டியலில் உள்ள நிறுவனத்தின் பட்டியலில் உள்ள கற்கைநெறிக்கே கடன் கிடைக்கும். அதே நிறுவனத்தின் வேறு பட்டத்துக்குக் கிடைக்காது. ஒவ்வொரு விண்ணப்ப அழைப்பும் குறிப்பிட்ட ஆண்டுப் பரீட்சார்த்திகளுக்கு மட்டுமே. ஆகவே அழைப்பு வர முன் சேர்வுக் கட்டணம் கட்டிவிட வேண்டாம். பிணை நிற்கக் கூடியவர்களையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டமென்றால், கட்டணத்தில் எவ்வளவு வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது, வெளிநாட்டு நாணயத்தில் இருந்த கட்டணமும் ரூபாயில் அப்படியே ஏறியது.

ஆனால் கணக்கியல் படிக்கக் கொழும்புக்குப் போகவே வேண்டுமா? யாழ்ப்பாணம் உயர் தொழில்நுட்ப நிறுவகத்தில் நாலு வருட உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா இருக்கிறது. முழுநேரமாகப் படித்தால் கற்பித்தல் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். என் கணிப்பில் உங்கள் மகளுக்கு இதுவே முதல் தெரிவு. கூடவே பட்டயக் கணக்காளர் பரீட்சைகளையும் ஒவ்வொன்றாக எழுதலாம். அதற்குரிய கணக்காய்வு நிறுவனப் பயிற்சிக் காலத்தில் மாதக் கொடுப்பனவு வரும். பட்டமே வேண்டுமென்றால் யாழ். பல்கலைக்கழக வெளிவாரிக் கற்கைகள், திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ். பிராந்திய நிலையம் இரண்டிலும் விசாரியுங்கள். வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

கனடாவிலோ லண்டனிலோ உறவினர் உதவ முன்வந்தால், மொத்தமாக அனுப்பச் சொல்லாதீர்கள். மொத்தப் பணம் வீட்டு அவசரத்தில் கரைந்துவிடும். ஒவ்வொரு அரையாண்டுக்கும் கட்டணச் சீட்டை அனுப்பி, அந்தத் தொகையை மட்டும் கேளுங்கள். ஊர்ச் சங்கத்துக்கும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்துக்கும் இதே முறையில் எழுதலாம்: பெறுபேற்றுப் பிரதி, அனுமதிக் கடிதம், கிராம சேவையாளர் உறுதிப்படுத்திய வருமான விபரம், கூடவே ஒரு அரையாண்டுச் செலவுக் கணக்கு. “ஏதாவது உதவுங்கள்” என்ற கடிதத்தை விட, “முதல் அரையாண்டுக்கு இவ்வளவு குறைகிறது” என்ற கடிதத்துக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம்.