பூச்சு உதிர்கிறது, கான்ட்ராக்டர் மீதிப் பணம் கேட்கிறார்

கேள்வி: எங்கள் வீடு 1988இல் கட்டியது. பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு ஹால், இரண்டு படுக்கையறை, வெளிச்சுவர் எல்லாம் புதிதாகப் பூசுவதற்கு, பொருளும் கூலியும் சேர்த்து 2,60,000 ரூபாய்க்கு ஒரு கான்ட்ராக்டரிடம் பேசினோம். எழுத்தில் ஒன்றும் இல்லை. 2,10,000 கொடுத்தாகிவிட்டது, பெரும்பகுதி ஜிபேயில். நான்கே மாதத்தில் சுவரெல்லாம் விரிசல். தட்டினால் பொத்தென்று சத்தம், விரலால் தேய்த்தால் மணல் கொட்டுகிறது. கூப்பிட்டால் வருவதில்லை. பொறுக்க முடியாமல் நானும் மைத்துனரும் யூடியூப் பார்த்து ஒரு படுக்கையறையில் பூச்சை உடைத்து நாங்களே பூசினோம். அதுவும் வெடித்துவிட்டது. இப்போது அவர், "நீங்களே கை வைத்துவிட்டீர்கள், இனி எனக்குப் பொறுப்பில்லை, மீதி 50,000 கொடுங்கள்" என்கிறார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? போலீஸில் சொல்லலாமா?
(பெயர் வேண்டாம், பொள்ளாச்சி)

பதில்: முதலில் கரணையைக் கீழே வையுங்கள். மீதிச் சுவர்களில் இனி ஓர் அங்குலம்கூட உடைக்கவோ பூசவோ பட்டி பார்க்கவோ வேண்டாம். உங்களுக்கு இருக்கிற முதல் சாட்சி அந்தச் சுவர்தான். அதில் ஒரு பகுதியை நீங்களே கலைத்துவிட்டீர்கள்.

வழக்குப் போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(42), 'சேவை' என்பதில் வீடு கட்டுமானத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு விஷயம் மட்டும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்: பொருளும் கூலியும் சேர்த்து மொத்தமாகப் பேசியிருக்கிறீர்கள். கொத்தனாரையும் சித்தாளையும் நீங்களே நாள் கூலிக்கு வைத்து, சிமெண்டும் மணலும் நீங்களே வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று வேலை வாங்கியிருந்தால், அது தனிப்பட்ட பணிக்கான ஒப்பந்தம், இந்தச் சட்டத்துக்குள் வராது என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதத்தில் விஷயமும் உண்டு. உங்கள் கான்ட்ராக்டருக்கு அந்த வழி இல்லை.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், அதை நிரூபிப்பதுதான் சிரமம். ஜிபே பட்டியலை வங்கிக் கணக்கு விவரத்தோடு எடுங்கள். வாட்ஸ்அப்பில் அவர் ரேட் சொன்னது, "நாளைக்கு ஆள் அனுப்புகிறேன்" என்றது எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி அச்செடுங்கள். கூடவே போன், கணினிப் பதிவுகளைச் சாட்சியமாகக் காட்ட பாரதிய சாட்சிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 கேட்கிற சான்றிதழையும் வைத்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தைக் கோர்ட் அளவுக்குக் கறாராகப் பார்ப்பதில்லை. ஆனாலும் மேல்முறையீடு வரை போனால் அந்த ஒரு தாள் கைகொடுக்கும். போனை மாற்றுவதானால் பழைய போனை விற்காதீர்கள்.

அப்புறம் சுவர். 'வேலை மோசம்' என்று மொத்தமாக எழுதினால் ஆணையத்தில் எடுபடாது. ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு காரணம் உண்டு, எல்லாக் காரணமும் கான்ட்ராக்டரைச் சேராது. தட்டினால் பொத்தென்று கேட்கிற இடத்தில் பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை. பழைய சுண்ணாம்புத் தூள் போகக் கழுவாமல், செங்கல்லைக் கொத்திவிடாமல், நனைக்காமல் மேலே சாந்தை அப்பியிருப்பார்கள். அது அவர் தவறு. தூணும் செங்கல் சுவரும் சேருகிற கோட்டில் நேராக ஒரு விரிசல் ஓடினால், அங்கே கம்பிவலை வைக்காமல் பூசியிருக்கலாம். அதுவும் அவர் தவறுதான். சிலந்தி வலை மாதிரி பொடி விரிசல் என்றால் மணல் ரொம்ப நைஸாக இருந்திருக்கலாம், சிமெண்ட் அதிகமாகியிருக்கலாம், வெயிலில் சட்டென்று காய்ந்திருக்கலாம். ஆனால் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை மட்டும் உப்புப் பூத்து உதிர்ந்தால், பெரும்பாலும் பழைய வீட்டின் அஸ்திவார ஓதம், அதாவது தரை ஈரம் சுவரில் ஏறுவது. அதற்குப் பூசியவரைப் பிடிக்க முடியாது. "ஓதத்துக்கு முதலில் வழி பார்க்க வேண்டும்" என்று அவர் சொல்லாமல் விட்டாரா என்று வேண்டுமானால் கேட்கலாம்.

மணல் கொட்டுகிறது என்றீர்களே, அங்கேதான் அவர் உங்களை மடக்குவார். சிமெண்ட் குறைவாகப் போட்டாலும் கொட்டும். தண்ணீர் ஊற்றி ஊறவைக்காவிட்டாலும் கொட்டும். குறைந்தது ஏழு நாள் பூச்சு ஈரம் காயாமல் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றுவது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். யார் ஊற்றுவது என்று பேசினீர்கள்? உண்மையிலேயே ஊற்றினீர்களா? உங்கள் வக்கீலிடம் இதை மறைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே இதுவாக இருக்கும்.

நான் நடத்திய ஒரு வழக்கில், அட்வகேட் கமிஷனரோடு (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நியமிக்கப்படும் வக்கீல்) வந்த பொறியாளர் ஒரு ரூபாய் நாணயத்தால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். சத்தம் மாறுகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். ஹால் சுவரில் பாதிக்கு மேல் வட்டம். அந்தப் புகைப்படத்தைப் பார்த்த பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் அதிகம் பேசவில்லை. நீங்களும் வழக்குக்கு முன்பே ஒரு சிவில் பொறியாளரைக் கூப்பிட்டு இதேபோல் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கையில் பூச்சின் கனம், பிடிக்காமல் நிற்கிற சதுர அடி, காரணம், சரிசெய்ய ஆகும் செலவு நான்கும் இருக்க வேண்டும். உள்பூச்சு வேலைக்கு ஐஎஸ் 1661 என்று இந்தியத் தரநிலை இருக்கிறது. எந்த இடத்தில் அதற்கு மாறாகச் செய்திருக்கிறார்கள் என்று சொன்னால் அறிக்கைக்குக் கனம் கூடும். சாந்தில் எவ்வளவு சிமெண்ட் என்று ஆய்வகத்தில் பார்க்க முடியும். ஆனால் நீங்களாகப் பெயர்த்து எடுத்துப் போகாதீர்கள், கமிஷனர் முன்னிலையில் எடுத்தால்தான் மதிப்பு.

நீங்கள் பூசிய படுக்கையறைக்கு வருவோம். அந்த அறை இழப்பீட்டுக் கணக்கில் வேண்டாம். உடைப்பதற்கு முன் எடுத்த படம் போனில் இருந்தால் மட்டும் அதையும் கேட்டுப் பார்க்கலாம். எப்படியிருந்தாலும், அங்கே நீங்களே பூசினீர்கள் என்பதை மனுவிலேயே ஒரு பத்தியில் ஒப்புக்கொண்டு எழுதிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அது ஒரு தகவல். அவர் சொல்லி வெளியே வந்தால் நீங்கள் மறைத்ததாகிவிடும். ஒரு அறையில் கை வைத்ததால் ஹாலுக்கும் வெளிச்சுவருக்கும் அவர் பொறுப்பு போய்விடாது. அந்த வாதம் மிரட்டல்தான்.

வழி இதுதான். அறிக்கை வந்ததும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, 15 நாளில் சரிசெய்யச் சொல்லுங்கள். சட்டம் நோட்டீஸைக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்று காட்டும். பிறகு கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. ஆன்லைனிலும் போடலாம், வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கெடு இரண்டு வருடம். அவர் "வருகிறேன், வருகிறேன்" என்று இழுத்தால் கெடுவும் நீளும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மனுவில் சுவரைச் சரிசெய்யும் செலவு, பொறியாளர் கட்டணம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை கேளுங்கள். பத்து லட்சம் என்று எழுதினால் உண்மையான கணக்கையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

மீதி 50,000-ஐ இப்போது கொடுக்க வேண்டாம். ஆனால் போனை எடுக்காமல் ஒளிந்துகொள்வதும் சரியல்ல. "பழுதைச் சரிசெய்யும் செலவு நிலுவையைவிட அதிகம், கணக்கு முடியும்வரை நிறுத்திவைக்கிறேன்" என்று நோட்டீஸிலேயே எழுதுங்கள். அவர் பணத்துக்காக சிவில் வழக்குப் போட்டாலும் அந்த வரி உங்களைக் காப்பாற்றும்.

போலீஸ் வேண்டாம். மோசடி என்றால் பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். இவர் ஆள் அனுப்பி, சாரம் கட்டி, சுவரைப் பூசியிருக்கிறார், மோசமாகப் பூசியிருக்கிறார். ஸ்டேஷனில் இருவரையும் உட்கார வைத்து ஏதோ ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிவிட்டால், அந்தத் தாளை வைத்தே நாளை ஆணையத்தில் 'பிரச்சினை ஏற்கெனவே பேசி முடிந்தது' என்பார்.