வீரராக இருந்தவர் அம்பயரானால் பழைய அணிக்குச் சாதகமாக நடக்க மாட்டாரா?

அண்மையில் ஏதோ ஒரு மேட்சில் தோற்றுவிட்டு வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் டென்னிஸ் பால் டோர்னமென்ட்களில் ஆடி, முட்டி தேய்ந்த பிறகு அம்பயராக நிற்பவன்தான்.

பழைய டீம் கேப்டனுக்கு ஒருமுறை ரன் அவுட் கொடுத்தேன். மட்டை கோட்டைத் தாண்டியிருந்தது, ஆனால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. "எங்க காசுல எத்தனை பரோட்டா தின்னுருப்ப?" என்று மைதானத்திலேயே கேட்டான். அடுத்த ஓவரில் ஒரு வைடு கொடுத்தேன் என்பதற்காக எதிரணி "பழைய பாசம்" என்றது.

பேஸ்பாலில் ஹேங்க் ஓ'டே என்று ஒருவர் இருந்தார். 1889இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் பிட்சர், அதாவது பந்து எறிபவர். 1890களிலேயே அம்பயராகிவிட்டார். 1908 செப்டம்பர் 23 அன்று அதே ஜயன்ட்ஸ் சிகாகோ கப்ஸுடன் 1-1 என்ற நிலையில் ஆடியது. கடைசி அடியில் மூன்றாவது பேஸில் (ஓடுகிறவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் ஒன்று) இருந்த ஜயன்ட்ஸ் வீரர் ஓடி வந்து ரன் எடுக்க, கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. முதல் பேஸில் நின்ற அவர்களின் இளைஞர் மெர்க்கல், தான் போய்ச் சேர வேண்டிய இரண்டாவது பேஸைத் தொடாமலே திரும்பி ஓடினார். அப்போது பலரும் அப்படித்தான் செய்வார்கள். கப்ஸின் எவர்ஸ் எங்கிருந்தோ ஒரு பந்தை வாங்கி அந்த இரண்டாவது பேஸைத் தொட்டார். அது அடித்த பந்துதானா என்று இன்றும் சண்டை ஓயவில்லை. அம்பயர் ஓ'டே மெர்க்கலுக்கு அவுட் கொடுத்தார். ரன் செல்லாது, ஆட்டம் டை. மறு ஆட்டத்தில் கப்ஸ் ஜெயித்து லீக் பட்டத்தையும் கொண்டுபோனது.

அதே மாதம் 4ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் இதே முறையீட்டை எவர்ஸ் வைத்தபோது, தான் பார்க்கவில்லை என்று ஓ'டே மறுத்திருந்தார். இந்த முறை பார்த்தார், கொடுத்தார். தன் பழைய அணிக்கு எதிராக, அவர்கள் சொந்த மைதானத்தில்!

'கிரிக்கெட்காரனுக்கு பேஸ்பால் எதற்கு' என்று யாராவது வருவீர்கள். வாருங்கள். எல்லா முன்னாள் வீரரும் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழைய டீம்காரன்தான் முதலில் திட்டுவான், இது என் அனுபவம்.

அப்புறம், டோர்னமென்ட் நடத்துகிறவர்களுக்கு ஒன்று. சிறப்பு விருந்தினருக்குச் சால்வை வாங்கக் காசு இருக்கிறது, நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவனுக்குச் சாப்பாடு கேட்டால் மட்டும் பட்ஜெட் இல்லையா? போன மாதம் எனக்குக் கிடைத்தது தயிர்சாதப் பொட்டலம், அதுவும் ஸ்கோரரோடு பாதி.