தம்பி தலைக்கு எந்தத் தகடு?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “தம்பிக்கு 29 வயது. காசிமேட்டில் மீன் கூடை தூக்கும் வேலை. எண்ணூர் பக்கம் பைக்கில் போனவன் கன்டெய்னர் லாரியில் மோதிவிட்டான். மூளை வீங்கியதால் இடது பக்க மண்டையோட்டை எடுத்தார்கள். பிறகு திரும்பப் பொருத்துவதற்காக அதை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்திருந்தார்கள், அங்கே சீழ் பிடித்து அதையும் எடுத்தாயிற்று. இப்போது அளவெடுத்துச் செய்த தகடு வைக்கலாம் என்கிறார்கள். டைட்டானியமா, பீக் என்ற பிளாஸ்டிக்கா? வெயிலில் சூடாகுமா?”

எந்தத் தகடு என்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும்: சீழ் முழுக்க ஆறிவிட்டதா? உலோகத்துக்குள் ரத்தம் ஓடாது. அதன் மேல் கிருமி ஒட்டிக்கொண்டால் மாத்திரையும் ஊசியும் சரியாகப் போய்ச் சேராது, கடைசியில் தகட்டையே கழற்ற வேண்டிவரும். அதனால் புண் காய்ந்து, ரத்தப் பரிசோதனையும் சரியாக வரும் வரை டாக்டர் காத்திருக்கச் சொன்னால் அவசரப்படுத்தாதீர்கள். தம்பி சிகரெட் பிடிப்பவர் என்றால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். தலைத்தோல் ஆறுவதற்கு அது பெரிய எதிரி.

அப்புறம் சிடி ஸ்கேன். பெரும்பாலானோர் ஃபிலிமை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு வருகிறார்கள். தகடு வடிவமைக்க அது பயன்படாது. ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ உள்ள மெல்லிய வெட்டுகளாக எடுத்த ஸ்கேனின் டைகாம் கோப்பு, அதாவது கணினியில் திறக்கும் மூலப் படக்கோப்பு, குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ வேண்டும். கடைசி ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்ததாகவும் இருக்க வேண்டும். பழைய ஸ்கேனை வைத்துச் செய்த தகட்டின் ஓரம் இன்றைய எலும்போடு பொருந்தாமல் போகலாம். கணினியில் நல்ல வலது பக்கத்தைக் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பி இடது பக்கத்தில் பொருத்திப் பார்ப்பார்கள். அந்த வடிவத்தை அறுவை மருத்துவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே தகடு செய்யப்படும். அந்தப் படத்தை உங்களுக்கும் காட்டச் சொல்லலாம், தவறே இல்லை.

சரி, பொருளுக்கு வருவோம். டைட்டானியம் மெல்லியது, உறுதியானது. எம்ஆர்ஐ எடுக்கலாம், தகட்டுக்குப் பக்கத்தில் மட்டும் படம் கொஞ்சம் கலங்கும். தோல் மெலிந்த இடத்தில் நாளடைவில் தோலை அரித்து வெளியே தெரிவது அதன் பெரிய குறை. பீக் ஒருவகை கெட்டிப் பிளாஸ்டிக். ஸ்கேனை மறைக்காது, வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. ஆனால் எலும்போடு ஒட்டி வளராது, விலையும் அதிகம். குழைத்தால் கெட்டியாகும் எலும்பு சிமென்டை அச்சில் வார்த்துச் செய்வதும் உண்டு. குறைந்த செலவில் பலருக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. தம்பியின் தோல் நல்ல தடிமனாக இருந்தால் டைட்டானியத்துக்கே நான் சம்மதிப்பேன். தோல் மெலிந்து இழுத்துப் பிடித்ததுபோல இருந்தால் பீக்கைப் பற்றி டாக்டரிடம் பேசிப் பாருங்கள்.

வெயில் கேள்வி நியாயமானது. டைட்டானியம் வைத்தவர்களில் சிலர் சூட்டையும் குளிரையும் தலையில் கூடுதலாக உணர்வதாகச் சொல்வதுண்டு. மேலே தோல் மூடியிருப்பதால் வெறும் இரும்புத் தகடு வெயிலில் காய்வதுபோல ஆகாது. தொப்பி போட்டால் போதும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தகடு கச்சிதமாகப் பொருந்தினாலும் நெற்றிப்பொட்டில் சின்னப் பள்ளம் இருக்கலாம். அங்கிருக்கும் தசை மெலிந்திருப்பதுதான் காரணம். ஆபரேஷன் முடிந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தைக் கொஞ்சம் தடிமனாக வடிவமைக்க முடியுமா என்று வடிவத்துக்கு ஒப்புதல் தருவதற்கு முன்பே கேளுங்கள்.

பணம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். அளவெடுத்த தகட்டின் விலை அதில் அடங்குமா, எவ்வளவு வரை தருவார்கள் என்பதை ஆர்டர் கொடுக்கும் முன் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

தகடு வைக்கும் வரை அந்தப் பக்கமாகப் படுக்க வேண்டாம். நடக்கும்போது தலைக்கவசம்போல ஒன்று இருக்கட்டும். வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால் தானாக நிறுத்தக் கூடாது. உட்கார்ந்து எழும்போது தலைவலி, தலைசுற்றல், கை கால் பலவீனம் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எலும்பு இல்லாத இடத்தில் தோல் உள்வாங்குவதால்கூட அப்படி ஆகும், தகடு வைத்த பிறகு சிலருக்கு அது குறைந்துவிடும். தலையில் கூடை சுமப்பதைத் தகடு வைத்த பிறகும் விட்டுவிடுவது நல்லது. ஓரத்தில் இருக்கும் சின்னச் சின்ன திருகாணிகள்தான் அந்தத் தகட்டைப் பிடித்திருக்கின்றன.