கொரியாவின் டொக்கேபியும் குவிஷினும் ஒரே வகைப் பேயா?

இல்லை. குவிஷின் என்பது இறந்த மனிதரின் ஆவி. டொக்கேபி அப்படியில்லை. தூக்கியெறிந்த பழைய துடைப்பத்திலோ உலக்கையிலோ இரத்தக்கறை பட்டால் அது டொக்கேபி ஆகிவிடும் என்பது பழைய நம்பிக்கை. மக்கோலி என்ற அரிசி மதுவும் மல்யுத்தமும் என்றால் அதற்கு உயிர். இரவு முழுக்க அதோடு கட்டிப்புரண்டு ஜெயித்தவன் அதை மரத்தில் கட்டிப்போட்டுவிட்டுப் போவான். காலையில் வந்து பார்த்தால் வெறும் துடைப்பம்தான் இருக்கும். பயமுறுத்துவதைவிடக் குறும்புதான் அதிகம்.

குவிஷின்களில் பேர்போனது மணமாகாமல் இறந்த பெண்ணின் ஆவி: வெள்ளைத் துக்க உடை, விரித்த கூந்தல். தென்கொரியாவின் மிர்யாங் ஊரில் சொல்லப்படும் ஆராங் கதையைக் கேளுங்கள். கொலையுண்ட ஆராங்கின் ஆவியைக் கண்ட மாத்திரத்தில், பதவியேற்க வரும் அதிகாரிகள் ஒவ்வொருவராகப் பயத்திலேயே செத்துப்போனார்கள். பாவம், அவள் வந்ததே புகார் கொடுக்கத்தான்! கடைசியில் துணிச்சலான ஒருவர் உட்கார்ந்து கேட்டார். மறுநாள் அவள் வண்ணத்துப்பூச்சியாக வந்து கொலைகாரனின் தொப்பியில் அமர்ந்து காட்டிக்கொடுத்தாள். யோங்நம்னு மண்டபத்துக்குக் கீழே அவளுக்கு இன்றும் ஒரு சிறிய கோயில் உண்டு.