எந்த நாடு எதை மூடுகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நண்பர் ஜப்பானிலிருந்து 'தி விட்சர் 3' வீடியோ கேம் டிஸ்க் வாங்கி வந்தார். ஐரோப்பியப் பதிப்பில் உடையின்றி வரும் பெண்களுக்கு இதில் உள்ளாடை போட்டுவிட்டிருக்கிறார்கள். ஜப்பானியர்கள் தங்கள் கேம்களில் காட்டாததா? போலந்துக்காரர்கள் செய்த கேமுக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?
– ஒரு வாசகர், கோவை

பதில்: 2015இல் அந்த கேம் வந்தபோது நான் ஒசாகாவில் இருந்தேன். நிப்போன்பாஷி கடைத்தெருவில் இதே குழப்பத்தோடு நின்றிருக்கிறேன். நான் வழக்கமாகப் போகும் கடையில் கீழ்த்தளம் முழுக்க, டிவியோடு இணைத்து ஆடும் கன்சோல் கேம்கள். மாடியில் 18 வயது நிறைந்தவர்களுக்கான கம்ப்யூட்டர் கேம்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த மாடிப்படியைப் புரிந்துகொண்டால் பாதி விளங்கிவிடும்.

மாடிக்குத் தனி அமைப்பு, தனி விதி. 1991இல் பள்ளி மாணவன் ஒருவன் ஆபாச கேம் ஒன்றைக் கடையில் திருடிப் பிடிபட்டான். விஷயம் போலீஸ் வழக்காகி, தயாரித்த நிறுவனத்தார் கைதாகும்வரை போனது. அரசாங்கம் கை வைப்பதற்குள் நாமே ஒழுங்குபடுத்திக்கொள்வோம் என்று அந்தத் தொழிலில் இருந்தவர்கள் 1992இல் ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். கன்சோல் கேம்களுக்கு 2002இல் 'செரோ' என்ற வேறோர் அமைப்பு வந்தது. அது தரும் வயதுக் குறிகள் ஏ, பி, சி, டி, இஸட். இஸட் என்றால் 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. ஆனால் இஸட்டிலும் காட்டவே கூடாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. பிறப்புறுப்பும் உடலுறவும் அதில் அடங்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஆபாசத்தைத் தடுக்கும் ஜப்பானியத் தண்டனைச் சட்டம் 175ஆம் பிரிவு நிற்கிறது. மாடியில் விற்பவற்றிலும் மொசைக் போடுவது, அதாவது அந்தரங்க உறுப்புகளை மங்கலான கட்டங்களால் மறைப்பது, அதனால்தான்.

'விட்சர்' கீழ்த்தளத்தில் விற்க வந்த கேம். கீழ்த்தளத்துக்கு உள்ள விதியைத்தான் அதற்கும் போட்டார்கள். வெளிநாட்டுச் சரக்கு என்ற ஓரவஞ்சனை இதில் இல்லை.

அதே கீழ்த்தளத்தில், பள்ளிச் சீருடையில் சிறு பெண்களைக் குழைய வைத்த அட்டைப்படங்களை எந்தத் தயக்கமும் இல்லாமல் அடுக்கியிருந்தார்கள். என்ன தெரிகிறது என்பதில் அத்தனை கறாரான விதி, எந்த எண்ணத்தோடு காட்டுகிறோம் என்பதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். போன புதிதில் எங்கள் வீட்டருகே இருந்த பொதுக் குளியல்கூடத்துக்குப் போனேன். பெண்கள் பகுதியில் ஒருவர் உடம்பிலும் துணி இல்லை. துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை ஒரு பாட்டி உட்காரவைத்து முதுகு தேய்த்துவிட்டார். பக்கத்தில் குழந்தைகள் தண்ணீர் அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். உடம்பு வேறு, காமம் வேறு என்று அந்த ஊர் எவ்வளவு இயல்பாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஜப்பானை வெட்கம் இல்லாத நாடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கேள்வி: அமெரிக்க கேம்களில் தலையை வெட்டலாம், சுடலாம். முத்தத்துக்கு மேலே போனால் மட்டும் ஏன் ஊரே கூடுகிறது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: ஊர் கூடிய கதை ஒன்று உண்டு. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' 2004இல் வெளிவந்தது. கார் திருடலாம், வழிப்போக்கரைச் சுடலாம், போலீஸ்காரரைக் கொல்லலாம். அமெரிக்கத் தரக்குழு அதற்கு 17 வயதுக்கு மேல் என்று குறி போட்டது. மறு ஆண்டு ஒரு டச்சுக்காரர், டிஸ்க்குக்குள் பூட்டி வைத்திருந்த படுக்கைக் காட்சியைத் திறந்துவிட்டார். ஆடுபவர் கண்ணில் படாதபடி தயாரிப்பாளர்களே ஒதுக்கி வைத்திருந்த துண்டு அது. 2005 ஜூலையில் குறி 'பெரியவர்களுக்கு மட்டும்', அதாவது 18 வயது என்று மாறியது. பெரிய கடைகள் கேமை எடுத்துவிட்டன. அந்தக் காட்சியை நீக்கிப் புதிதாக வெளியிட வேண்டியதாயிற்று.

17க்கும் 18க்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். ஆனால் 18 என்று குறி விழுந்தால் பெரிய கடைகள் அலமாரியில் வைக்காது, கன்சோல் நிறுவனங்களும் அனுமதிக்காது. சட்டம் எதுவும் தடுக்கவில்லை, வியாபாரம் தடுக்கிறது. கொலை 17க்குள் அடங்குகிறது, இருவர் மனமொத்துச் சேர்வது அடங்கவில்லை. என்னால் இதை ஏற்க முடியவில்லை.

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு கேமையே தடை செய்தார்களாமே?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஆமாம், 2007 நவம்பரில் 'மாஸ் எஃபெக்ட்'. ஒரு பெண்ணும், பெண் வடிவில் உள்ள வேற்றுக்கிரகத்தவரும் நெருங்கும் காட்சி காரணம். சில நாட்களிலேயே தடையை விலக்கி, 18 வயதுக்கு மேல் என்று குறி போட்டு விற்கவிட்டார்கள். கேம்களுக்கு வயதுத் தரம் பிரிக்கும் முறை 2008இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. தடைக்குப் பதில் குறி போதும் என்று அவ்வளவு சீக்கிரம் தெளிந்தது நல்ல காரியம்.

கேள்வி: ஜப்பானிய கேம்கள் அமெரிக்கா போகும்போது உடையை மாற்றுகிறார்கள், காட்சிகளை நீக்குகிறார்கள். படைத்தவரை அவமதிப்பது ஆகாதா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: எல்லா வெட்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள், தம்பி. 'செனோபிளேட் கிரானிக்கிள்ஸ் எக்ஸ்' 2015இல் வந்தது. ஆடுபவர் தன் பெண் பாத்திரத்தின் மார்பளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி அதன் அமெரிக்கப் பதிப்பில் இல்லை. வளர்ந்த பெண்ணின் உருவம்தானே, அதை எடுத்திருக்க வேண்டாம். அதே கேமில் லின் என்று 13 வயதுச் சிறுமி வருகிறாள். ஜப்பானியப் பதிப்பில் அவளுக்கு இருந்த அரைகுறை உடைகளை வெளிநாட்டுக்காக மூடிவிட்டார்கள். அது சரி. ஜப்பானிலேயே செய்திருக்க வேண்டியது.

'பிரேவ்லி டிஃபால்ட்' கதை வேறு மாதிரி. அதன் மேலைநாட்டுப் பதிப்பில் சில உடைகளை மூடினார்கள். கூடவே 15 வயது என்றிருந்த எடியா என்ற பெண் பாத்திரத்தை 18 ஆக்கினார்கள். முகமும் குரலும் கதையும் அதேதான். இதை வாசித்தபோது எனக்குப் பழைய நினைவு வந்தது. ஒசாகாவில் ஒரு சிறிய மொழிபெயர்ப்பு நிறுவனத்தில், வெளிநாடு போகும் கேம்களின் வசனங்களைச் சரிபார்க்கும் வேலை பார்த்தேன். எக்செல் கோப்பில் ஒரு பாத்திரத்தின் வயது 16 என்று இருந்தது. 18 என்று மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அவளுடைய படங்களை யாரும் தொடவில்லை. படுக்கையறைக் காட்சியும் அப்படியே போனது. இரண்டு எழுத்தைத் தட்டி ஒரு சிறுமியை நான் பெரியவளாக்கியிருந்தேன். பல ஆண்டுகள் ஆகியும் அது உறுத்துகிறது.

முத்தம், நிர்வாணம், யார் யாரோடு சேர்வது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அதை மதிக்கிறேன். ஆனால் குழந்தையைக் காமப்பொருளாக்குவதை 'அது அவர்கள் கலாச்சாரம்' என்று விட எனக்கு மனம் வராது. ஜப்பானில் அதை எதிர்த்துப் பேசும் பெண்களை நான் அறிவேன், அவர்களுடைய கலாச்சாரமும் ஜப்பானியக் கலாச்சாரம்தான்.

கேள்வி: வாங்கும் முன் எது வெட்டிய பதிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அட்டையைப் பாருங்கள். வயது எண் பெரிதாக, 'பெகி' என்று இருந்தால் ஐரோப்பியப் பதிப்பு. 'செரோ' என்ற பெயரோடு ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் ஜப்பானியப் பதிப்பு. 'ஈஎஸ்ஆர்பி' என்றால் அமெரிக்கா. இந்தக் குறிகள் யார் ஆடலாம் என்று மட்டும் சொல்லும், எதை எடுத்தோம் என்று சொல்லாது. காசு கொடுத்து வாங்குபவருக்கு அதையும் அட்டையிலேயே அச்சிட்டுத் தர வேண்டும்.