முகம் கவிழ்ந்து கிடந்த கல்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் கொழும்புத் தேசிய நூதனசாலையை 40 நிமிடங்களில் பார்த்து முடித்தேன். கண்டி அரசரின் சிம்மாசனத்தைத் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. தமிழராகிய நமக்கு அங்கே என்ன இருக்கிறது? நூதனசாலையை எப்படிப் பார்க்க வேண்டும்?

ஒரு மாணவன், மட்டக்களப்பு

அன்புள்ள தம்பி,

சில வாரங்களாக ஒரு கல் என் நினைவை விட்டு அகலாமல் இருப்பதால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன். எப்படிப் பார்ப்பது என்பதற்கு என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை. ஓடாமல் பாருங்கள், அவ்வளவுதான். சிம்மாசனம் 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது. அதைப் பார்க்க எப்போதும் ஆள் உண்டு, விட்டுவிடுவோம். "நமக்கு என்ன இருக்கிறது" என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. காலி மும்மொழிக் கல்வெட்டைத் தாண்டித்தானே நடந்திருப்பீர்கள்?

உச்சியில் இரண்டு டிராகன்கள் செதுக்கப்பட்ட பலகைக் கல் அது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனத்திலேயே பொறிக்கப்பட்டு, தளபதி செங் ஹேயின் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்தது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. 1,000 பொன், 5,000 வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று நீளும் காணிக்கைக் கணக்கு சீனத்திலும் தமிழிலும் ஏறத்தாழ ஒன்றே. பாரசீகம்தான் மிகவும் தேய்ந்துவிட்டது. எந்தத் தெய்வத்துக்கும் குறை வைக்காத அந்தக் கணக்கை எழுதச் சொன்னவன் பக்தனா, கைதேர்ந்த வியாபாரியா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

1911இல் காலி நகரில் ஒரு பொறியியலாளரின் கண்ணில் பட்டபோது இந்தக் கல், எழுத்துள்ள முகம் கீழே கவிழ்ந்திருக்க, ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. நமக்கு இங்கே என்ன இருக்கிறது என்று உங்களைப் போலவே அலுத்துக்கொண்டு அதன் முதுகை மிதித்துப் போன தமிழர் எத்தனை பேரோ!

உங்களை மட்டும் ஏன் ஏச வேண்டும்? எனக்கு 16 வயதிருக்கும்போது மாமா என்னை அந்த நூதனசாலைக்கு அழைத்துப் போனார். வயதான சிங்களக் காவலர் ஒருவர் என்னைக் கல்லின் முன் நிறுத்தி, "மல்லி (தம்பி), தமிழ்தானே, வாசித்துச் சொல்லுங்கள், இத்தனை வருடமாகக் கேட்க ஆளில்லை" என்றார். நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ம" என்றேன். அவர் ஆவலோடு குனிந்து, "அடுத்தது?" என்று கேட்டார். அடுத்தது எனக்குத் தெரியவில்லை.